சுவரில் தெரியும் தளம், கையில் தெரியும் தளம்

இணையதளங்களுக்கு ஒப்புதல் தரும் இடத்தில் இருக்கும் மேலாளர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

என் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், பெயர் தெரிந்திருக்காது. புரொஜெக்டரில் படம் வரவில்லை என்றால் எழுந்துபோய் ஒயரை மாட்டுகிறவன் நான். கடைசி நாற்காலியில் லேப்டாப்போடு உட்கார்ந்து, "இதைச் செய்ய முடியுமா?" என்று கேட்டால் மட்டும் வாயைத் திறப்பேன். தளங்களின் முன்பக்கத்தைக் கட்டுவது என் தொழில். 17 வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

ஒரு தளம் மோசமாக இருந்தால் மக்கள் டிசைனரைத் திட்டுகிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் டெவலப்பரைத் திட்டுகிறார்கள். நான் பார்த்தவரை, பயனரைப் பாடாய்ப்படுத்தும் முடிவுகளில் பெரும்பாலானவை எங்கள் மேசையில் பிறந்தவை இல்லை, உங்கள் கூட்டத்தில் பிறந்தவை. உங்களுக்குக் கெட்ட எண்ணம் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் பார்த்து ஒப்புதல் தரும் தளம் ஒன்று, மக்கள் கைக்குப் போய்ச் சேரும் தளம் வேறொன்று. அதுதான் பிரச்சினை.

நீங்கள் பார்ப்பது சுவரில் ஆறடி அகலத்தில் தெரிகிறது. மாதிரிக்காகப் போட்ட பெயர் ஒரே வரியில் அளவாக அடங்குகிறது. படங்கள் எல்லாம் முன்பே லோட் ஆகிவிட்டன. எதை எங்கே அமுக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் மவுஸை நகர்த்துகிறார். அறையில் யாருக்கும் அவசரமில்லை. கையில் இருக்கும் தளம் எப்படி இருக்கும் என்று ஒரு நாள் எனக்குத் தற்செயலாகத் தெரிந்தது.

நான் கட்டிய ஒரு விண்ணப்பப் படிவத்தை ஒரு பெரியவர் நிரப்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க நேர்ந்தது. யாருக்காகக் கட்டிய தளம் என்பது இங்கே வேண்டாம். அவருடைய மொபைலில் திரை விரிசல் விட்டிருந்தது. கண் சரியாகத் தெரியாததால் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். எங்கள் டிசைனில் பக்கம் பக்கமாக நின்ற பட்டன்கள் அதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. முகப்பில் மாறி மாறி ஓடும் ஐந்து படங்களை விளம்பரம் என்று நினைத்து விரலால் தள்ளிவிட்டார். அந்த ஐந்தில் எது முதலில் வர வேண்டும் என்று ஒரு கூட்டம் முழுக்கப் பேசியிருந்தோம். (பேனர் போலத் தெரியும் எதையும் மக்களின் கண் தாண்டிப் போய்விடுகிறது என்று பென்வே, லேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998-லேயே எழுதிவிட்டார்கள். நாங்கள் அதற்குப் பிறகும் பேனர் கட்டிக்கொண்டேதான் இருக்கிறோம்.)

படிவத்தில் 14 கட்டங்கள். ஒற்றை விரலால் எல்லாவற்றையும் பொறுமையாக நிரப்பி அனுப்பினார். சக்கரம் சுற்றியது. அப்புறம் சிவப்பில் ஒரு வரி வந்தது: "தவறான உள்ளீடு. மீண்டும் முயலவும்." கட்டங்கள் பதினான்கும் காலி.

கோபப்படுவார் என்று நினைத்தேன். "நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல, தம்பி" என்றார்.

அவர் எதையும் தப்பாக அமுக்கவில்லை. பிறந்த தேதியில் நாளுக்கும் மாதத்துக்கும் நடுவே சாய்கோடு போட்டிருந்தார். எங்கள் படிவம் அங்கே சின்னப் படுக்கைக்கோட்டை எதிர்பார்த்தது. இரண்டையும் ஏற்றுக்கொள்ளும்படி செய்ய எனக்கு ஒரே ஒரு வரி நிரல் போதும். நிரப்பியதை அழிக்காமல் வைத்திருக்க இன்னும் சில வரிகள். நான் எழுதவில்லை. அந்தப் படிவத்துக்குக் கூட்டத்தில் கிடைத்த நேரம் இரண்டு நிமிடம். "படிவம்தானே, டெவலப்பர் பார்த்துக்கொள்வார்" என்று அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டோம். டெவலப்பர் பார்த்துக்கொண்ட லட்சணம் இது. குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

டான் நார்மன் என்று ஒருவர். 1993-ல் ஆப்பிளில் சேர்ந்தபோது தன் பதவிப் பெயரிலேயே "பயனர் அனுபவம்" என்ற சொல்லை வைத்துக்கொண்டவர். ஒரு பொருளைப் பயன்படுத்த முடியாமல் திணறுகிறவர்கள் பழியைத் தங்கள் மேலேயே போட்டுக்கொள்கிறார்கள், தவறோ வடிவமைப்பில் இருக்கிறது என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார். இது உங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், "இதுவரை ஒரு புகார்கூட வரவில்லையே" என்று கூட்டத்தில் அடிக்கடி சொல்கிறீர்கள். தப்பு தன்னுடையது என்று நம்புகிறவர் எதற்குப் புகார் எழுதப்போகிறார்? மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார். உங்களுக்கு அவர் ஒரு எண்ணாகக்கூடத் தெரிய மாட்டார்.

படிவத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முகப்புப் பக்கத்தில் நீங்கள் பேசுகிறீர்கள். படிவத்தில்தான் அவர் உங்களிடம் பேசுகிறார். அவர் பேசும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று பாருங்கள்.

கட்டத்துக்குள்ளேயே மங்கலாக "உங்கள் பெயர்" என்று எழுதிவிட்டு, மேலே தலைப்பே வைக்காத டிசைன் ஒன்று உங்களுக்கு மிகவும் பிடிக்கும். சுத்தமாக இருக்கிறது என்பீர்கள். ஓர் எழுத்து தட்டியதும் அந்த மங்கல் வரி மறைந்துவிடும். பாதியில் ஒரு அழைப்பு வந்து, பேசிவிட்டுத் திரும்பினால் எந்தக் கட்டத்தில் எதைக் கேட்டார்கள் என்றே தெரியாது. ஏற்கெனவே ஏதோ நிரப்பியிருக்கிறது என்று நினைத்து விட்டுவிடுகிறவர்களும் உண்டு. தலைப்பு கட்டத்துக்கு மேலே நிலையாக இருக்க வேண்டும். இடத்தை அடைக்கிறது என்றீர்கள். அடைக்கட்டுமே.

தொலைபேசி எண்ணில் இடைவெளி விட்டால் ஏற்க மாட்டோம் என்கிறோம். அந்த இடைவெளியை நீக்குவது கணினிக்கு ஒரு வேலையே இல்லை. அதை மனிதரிடம் தள்ளிவிடுகிறோம். குடும்பப் பெயர் கட்டாயம் என்று நட்சத்திரக் குறி போடுகிறோம். குடும்பப் பெயரே இல்லாமல் கோடிக்கணக்கானவர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துத் தப்பிக்கிறார்கள். பிறகு "அன்புள்ள திரு. புள்ளி அவர்களுக்கு" என்று உங்களிடமிருந்து மின்னஞ்சல் போகிறது.

பாஸ்வேர்டு கட்டத்தில் வேறிடத்தில் காப்பி செய்ததை ஒட்டவிடாமல் தடுக்கச் சொன்னீர்கள், பாதுகாப்புக்காக என்று. நீளமான, யாரும் ஊகிக்க முடியாத பாஸ்வேர்டை யாரும் மனப்பாடம் செய்து தட்ட மாட்டார்கள். ஒட்டவிடாவிட்டால் எளிதானதாக ஒன்றை வைத்துக்கொள்வார்கள், அதையே பத்து இடத்தில் வைப்பார்கள். அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலே ஒட்ட அனுமதிக்கச் சொன்னது. காரணமில்லாமல் குறித்த காலத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லாதீர்கள் என்றும் சொன்னது. ஆண்டுகள் பல ஆகிவிட்டன. "பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது" என்ற பக்கத்தை இன்றும் கட்டித் தருகிறேன்.

அப்புறம் அந்தப் பதினான்கு. முதல் வரைவில் ஆறுதான் இருந்தன. மீதி எட்டும் கூட்டங்களில் ஒன்றொன்றாகச் சேர்ந்தவை. எதை யார் கேட்டார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ஒரு கட்டம்தானே, பின்னால் உதவும்." எட்டுப் பேர் ஆளுக்கு ஒன்று கேட்டார்கள், எட்டையும் ஒரே மனிதர் நிரப்புகிறார். அதில் மூன்று விவரங்களை யாருமே எடுத்துப் பார்க்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. மின்னஞ்சல் முகவரியை ஒரே விண்ணப்பத்தில் இரண்டு இடத்தில் கேட்டிருந்தோம், இரண்டு துறைகளுக்குத் தனித்தனியாக. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2023 அக்டோபரில் வெளியிட்ட அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளம் கட்டுவது) வழிகாட்டுதலின் 2.2-ஆம் பதிப்பு இதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறது: ஒரே வேலைக்குள் ஒரு முறை கொடுத்த விவரத்தை மறுபடி தட்டச் சொல்லாதே, நீயே நிரப்பிக் கொடு.

"கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் பழகிவிடுவார்கள்" என்று சொல்கிற ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவருக்காக ஒரு சம்பவம். 2020 ஆகஸ்ட் 11 அன்று சிட்டிபேங்கில், ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்தின் கடனுக்கு வட்டியாகச் சுமார் 78 லட்சம் டாலர் அனுப்ப வேண்டியிருந்தது. அசல் தொகை வெளியே போகாமல் வங்கிக்குள்ளேயே நிற்க வேண்டும் என்றால் அவர்களுடைய மென்பொருளில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். ஒன்றை நிரப்பினால் போதும் என்று வேலை செய்தவர் நினைத்தார். அவருக்கு மேல் சரிபார்த்த இருவரும் அப்படியேதான் நினைத்தார்கள். கிட்டத்தட்ட 90 கோடி டாலர், வங்கியின் சொந்தப் பணம், கடன் கொடுத்தவர்களுக்குப் போய்விட்டது. அதில் 50 கோடி டாலர் அளவுக்குத் திருப்பித் தர மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டில் புரட்டப்பட்டது 2022 செப்டம்பரில்தான். அந்த மூவரும் அதையே தொழிலாகச் செய்பவர்கள், ஒருவரை ஒருவர் சரிபார்க்கும் ஏற்பாடும் இருந்தது. திரை தெளிவாக இல்லாதபோது மூன்று ஜோடிக் கண்கள் ஒரே தப்பை மூன்று முறை பார்த்தன, அவ்வளவுதான். உங்கள் தளத்துக்கு முதல் முறையாக வருகிறவருக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது, பக்கத்தில் ஆளும் கிடையாது.

அழகே வேண்டாம் என்று சொல்லவில்லை. அழகுக்கு உண்மையிலேயே ஒரு சக்தி இருக்கிறது. 1995-ல் குரோசு, காஷிமுரா என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் ஏடிஎம் திரையின் பட்டன்களைப் பல விதமாக அடுக்கி மக்களிடம் காட்டினார்கள். பார்க்க அழகாக இருந்த அடுக்குகளையே பயன்படுத்த எளிதானவை என்றும் மக்கள் மதிப்பிட்டார்கள். இந்த ஆய்வை டிசைனர்கள் தங்களுக்கு ஆதரவாகக் காட்டுவார்கள். எனக்கு அது ஓர் எச்சரிக்கையாகத்தான் படுகிறது. அழகானது எளிதானதாகத் தோன்றும் என்றால், அந்தத் தோற்றத்துக்கு முதலில் ஏமாறுவது யார்? பார்க்க மட்டும் செய்துவிட்டு, எதையும் செய்து பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தானே.

மெனுவுக்கு வருகிறேன். மெல்வின் கான்வே என்ற கணினி அறிஞர் 1968-ல் ஒன்று எழுதினார்: ஒரு நிறுவனம் உருவாக்கும் எந்த அமைப்பும் அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் நகலாகவே இருக்கும். இணையதளமே இல்லாத காலத்தில் எழுதியது. உங்கள் தளத்தின் மெனுவைத் திறந்து பாருங்கள். அப்படியே உங்கள் துறைகளின் பட்டியல், பெரும்பாலும் பதவி வரிசையில். வெளியிலிருந்து வருகிறவருக்கு உங்கள் எந்தத் துறை எந்த வேலையைப் பார்க்கிறது என்று எப்படித் தெரியும்? அவர் "முகவரி மாற்றணும்" என்று வருகிறார். அந்தச் சொல் தளத்தில் எங்குமே இல்லை. "வாடிக்கையாளர் விவரப் புதுப்பிப்புச் சேவைகள்" என்று வேறெங்கோ, மூன்றாவது அடுக்கில் இருக்கிறது. தேடல் பெட்டியில் மக்கள் தட்டும் சொற்களின் பட்டியல் சர்வரில் தினமும் சேர்கிறது. எத்தனையோ முறை அதைப் பிரின்ட் எடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன், எடுத்துக் காட்ட நேரம் வந்ததில்லை.

ஒரு முறை, தளத்தில் பயனர் செலவிடும் நேரம் கூடிவிட்டது என்று வரைபடம் போட்டுக் காட்டினார்கள், எல்லோரும் கை தட்டினீர்கள். அதற்கு முந்தைய மாதம்தான் மெனுவை மாற்றியிருந்தோம். மக்கள் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கை தட்டும் நேரத்தில் அதை எப்படிச் சொல்வது?

வேகம். பயன்பாட்டு எளிமையை ஆராயும் ஜேக்கப் நீல்சன், பயனர் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பதற்கு 1993-ல் மூன்று எல்லைகளை எழுதி வைத்தார், ராபர்ட் மில்லர் என்ற ஆய்வாளர் 1968-லேயே சொன்னதை அடியொற்றி. 0.1 நொடிக்குள் பதில் வந்தால் தன் விரலே செய்ததுபோல் இருக்கும். 1 நொடி வரை யோசனை அறுபடாது. 10 நொடி தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். மனிதனின் பொறுமை அதற்குப் பிறகு ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. கூகுளின் இன்றைய அளவுகோல், பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லிநொடிக்குள் ஏதாவது அசைய வேண்டும் என்கிறது. உண்மையான பயனர்களின் வருகைகளில் நான்கில் மூன்றிலாவது இது நடக்க வேண்டும். அலுவலகத்தின் அதிவேக இணைப்பில் நீங்கள் திறந்து பார்த்தது கணக்கில் சேராது. எங்கள் பக்கம் ஏன் மெதுவாக இருக்கிறது என்று கேட்டீர்கள். ஒவ்வொரு துறையும் கண்காணிப்புக்கும் விளம்பரத்துக்கும் என்று ஆளுக்கு ஒரு ஸ்கிரிப்டை, அதாவது பக்கத்தோடு சேர்ந்து ஓடும் சின்ன நிரலை, கொடுத்துச் சேர்க்கச் சொன்னது. இப்போது யாரும் பயன்படுத்தாதவைகூட அதில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நீக்கலாமா என்று கேட்டால், "இருக்கட்டும், எதற்கும்" என்று பதில் வருகிறது. அவை மெதுவாக வந்து இறங்கும்போது பக்கம் ஒரு குதி குதிக்கும். "ரத்து செய்" என்பதைத் தொடப்போன விரல் "உறுதி செய்" மேல் விழும்.

நிறம். அந்த வெளிர் சாம்பல் எழுத்து "கண்ணுக்கு இதமாக" இருக்கிறது என்றீர்கள். அளந்து பார்த்தேன். வெள்ளைப் பின்னணியில் எழுத்து எவ்வளவு பிரிந்து தெரிகிறது என்ற விகிதம் 2.85-க்கு 1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும் என்பது டபிள்யூ3சி வழிகாட்டுதல். வெயிலில் நின்று மொபைலைப் பார்க்கிற நல்ல கண்ணுக்கே அது தெரியாது. இன்னொன்று, எழுத்து பற்றி. வடிவமைப்பை ஆங்கிலத்தில் போட்டு ஒப்புதல் வாங்கிவிட்டு, கடைசியில் தமிழை ஊற்றச் சொல்கிறீர்கள். தமிழ் எழுத்து மேலே புள்ளியும் கீழே சுழியுமாக இடம் கேட்கிறது, ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கிறது. ஆறெழுத்துக்கு வெட்டிய பட்டனில் "சமர்ப்பிக்கவும்" எப்படி அடங்கும்? எழுத்தைச் சிறிதாக்கு என்கிறீர்கள். முதல் வரைவையே தமிழில் போட்டுப் பார்த்தால் இந்தச் சண்டையே வராது.

இனி சொல்லப்போவதை எழுதக் கை கூசுகிறது. கீபோர்டில் டேப் விசையை அழுத்தி நகரும்போது, இப்போது எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்று காட்ட ஒரு நீலக் கோடு சுற்றி வரும். "அது என்ன, அசிங்கமாக இருக்கிறது" என்று உங்களில் ஒருவர் சொன்னார். ஒரே வரியில் எடுத்துவிட்டேன், அரை நிமிட வேலை. மவுஸைப் பிடிக்க முடியாத கைகளுக்கு அந்தக் கோடுதான் கர்சர். அதை எடுத்தது ஓர் இருட்டு அறையில் விளக்கை அணைத்ததற்குச் சமம் என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் எடுத்தேன். அந்தத் தளத்தில் இருந்த படங்களுக்கு விளக்க வரி எழுதவும் யாரும் நேரம் தரவில்லை. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளை வைத்துக் கேட்பவருக்கு அது கோப்பின் பெயரை ஒவ்வோர் எண்ணாக வாசித்துக் காட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் கவனக்குறைவு. ஒன்று மட்டும் கவனக்குறைவு இல்லை. சேர்வதற்கு ஒரு பெரிய பட்டன், விலகுவதற்கு ஐந்து பக்கம். "எல்லாவற்றையும் ஏற்கிறேன்" பளிச்சென்று, "மறுக்கிறேன்" பின்னணியோடு கரைந்த நிறத்தில். இதற்கு ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010-ல் "டார்க் பேட்டர்ன்" என்று பெயர் வைத்தார். இப்போது சட்டமும் வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் ஆன்லைன் தளங்களில் இப்படி ஏமாற்றும் வடிவமைப்பைத் தடுக்கிறது. இந்தியாவில் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் 13 வகைகளைப் பட்டியல் போட்டிருக்கின்றன. இவற்றைக் கட்டச் சொல்லும்போது யாரும் எழுத்தில் தருவதில்லை, கவனித்திருக்கிறேன். வாய்மொழியாகத்தான் வரும். இனி எழுத்தில் கேட்பேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். பெரிய செலவு இல்லை. ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று நீல்சன் 2000-ல் எழுதினார். எண்ணிக்கையைப் பற்றி வாதம் இருக்கட்டும், நாம் இதுவரை ஒருவரைக்கூட உட்கார வைத்ததில்லை. அவர்கள் உங்கள் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. சொந்த மொபைலைக் கொண்டுவரட்டும். வைஃபை கொடுக்காதீர்கள். "முகப்பு எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், அழகாக இருக்கிறது என்றுதான் மரியாதைக்குச் சொல்வார்கள். ஒரு வேலையைக் கொடுங்கள், முகவரியை மாற்றச் சொல்லுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். அதுதான் கஷ்டம். அவர் விரல் தப்பான இடத்துக்குப் போகும்போது "மேலே, மேலே, வலது பக்கம்" என்று உங்கள் வாய் துடிக்கும். நீங்கள் எங்கே வாயைத் திறக்கப் பார்க்கிறீர்களோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்கிறேன். நாங்கள் திருத்த வேண்டிய பட்டியல் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

அந்தப் பெரியவரிடம் பேசியிருக்கிறேன், வரச் சம்மதித்திருக்கிறார். அடுத்த கூட்டத்தில் ஒரு நாற்காலி கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். முதல் அரை மணி நேரம் புரொஜெக்டர் தேவைப்படாது, ஒயரை நான் மாட்டப்போவதில்லை.

இப்படிக்கு,
கடைசி நாற்காலியில் இருப்பவன்